பசிக்கு மிதந்த எண்ணெய்

சிப்பிக்கரையில் அடைமழை விட்ட மறுநாள் காலையில் உப்பளத்து மூலைப் பாத்தியில் எண்ணெய் மிதந்தது. அதை முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம். பார்த்தவள் கூச்சல் போடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. முந்தானை நுனியை நனைத்து மோந்து பார்த்தாள், மீன் வாடை இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை, வெட்டிப் போட்ட பச்சைப் புல்லின் வாடைதான் லேசாக இருந்தது, நாக்கில் தொட்டு வைத்தாள், கசக்கவில்லை, தொண்டையை எரிக்கவில்லை, பிறகு வீட்டுக்கு நடந்து வந்து ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டபோது, "மூலப் பாத்தியில எண்ணெ கிடக்கு, வேணும்னா வந்து எடுங்க" என்றாள், கேட்டவர்களும் சரி என்று பாத்திரம் எடுக்கப் போனார்கள்.

ஊரே இப்படி மரக்கட்டையாக இருந்ததா என்று கேட்டால், வயிறு காய்ந்தவர்களுக்கு ஆச்சரியப்படத் தெம்பு ஏது. உப்பளத்துக்காரர்களுக்கு மழை என்பது பூட்டிய கதவு. வானம் கறுத்தால் பாத்தி முங்கும், பாத்தி முங்கினால் வேலை கிடையாது, வேலை கிடையாதென்றால் அடுப்பு எரியாது, அடுப்பெரியாத வீடுகளில் ஆட்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார்கள், ஓரத்துச் சேற்றில் முளைக்கிற உமரிக்கீரையைப் பறித்து அவித்துத் தின்பார்கள், அது உப்புக் கரிக்கும், தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார்கள், தை பிறந்து சேறு காய்கிற வரைக்கும் அதுதான் அவர்களுடைய காலம். அந்த மூலைப் பாத்தி அண்ணன் தம்பி வழக்கில் கிடந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் அதில் கால் வைக்கவில்லை, தேங்கிய தண்ணீர் செங்கல் நிறத்துக்குச் சிவந்திருந்தது. பாத்தி சிவப்பது அங்கே புதிதில்லை, வெயில் ஏறினால் எந்தப் பாத்தியும் சிவக்கும். எண்ணெய் மட்டும்தான் புதிது.

முதல் நாள் அதை விளக்கில் ஊற்றினார்கள், எரிந்தது. இரண்டாம் நாள் வெடித்த குதிகாலில் தடவினார்கள், உப்புத் தின்று பாளம் பாளமாகப் பிளந்த தோல் கூடிக்கொண்டது. பிறகு குடித்தார்கள். உப்பளத்து வெள்ளை வெயில் நாற்பது வயசுக்குள் கண்ணைத் தின்றுவிடும், பாதிப் பேருக்கு எதிரில் வருகிற ஆள் ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஒரு கரண்டி எண்ணெயை விழுங்கிவிட்டுப் படுத்து எழுந்தால் தூரத்தில் போகிற படகின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். தங்கபுஷ்பத்தின் புருஷன் சேர்மக்கனி வரப்பில் நின்று தன் பெண்டாட்டியை உற்றுப் பார்த்து, "உனக்கு நரை விழுந்துட்டே" என்றான். "இத்தன நாளும் எதப் பாத்துக்கிட்டு இருந்தீரு" என்றாள் அவள். நெஞ்சு படபடப்பு நின்றவர்கள் உண்டு, பால் வற்றிய தாய்மாருக்குச் சுரந்தது உண்டு, ஊர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு திரியவில்லை, காலையில் கரண்டியோடு போய் வரிசையில் நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த எண்ணெய்க்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றவள் ஒருத்திதான், சேர்மக்கனியின் தங்கை சீனித்தாய். கேரளத்துக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, இருந்தது ஒரே பெண் அபிநயா. ஆறு வயசு முடிந்தும் மூன்று வயசுப் பிள்ளையின் எடை, கை கால் அரசமரத்துக் குச்சி, பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்வாள். எண்ணெயோ நெய்யோ மீன் கொழுப்போ, உள்ளே போவது அப்படியே வெளியே வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கொழுப்புச் சத்தை இந்த உடம்பு பிடித்துவைக்க மாட்டேன் என்கிறது, இப்படியே போனால் அடுத்த மழையைத் தாண்டாது என்று சீனித்தாயிடம் சொல்லி, பிள்ளை தலையைத் தடவி அனுப்பிவிட்டார். அந்த அபிக்கு மூலைப் பாத்தி எண்ணெய் ஒட்டியது. ஒரு வாரத்தில் மலம் இறுகியது, இரண்டு வாரத்தில் அந்தியில் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள், மாதம் முடிவதற்குள் புட்டத்தில் கிள்ளுகிற அளவுக்குச் சதை வைத்தது. சீனித்தாய் அந்தச் சதையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள், பிள்ளை வலித்து அழுதது, அழுகிற குரலிலும் தெம்பு வந்திருப்பதைக் கேட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள்.

எண்ணெயை வைத்திருக்க முடியாது. காலையில் எடுத்தது மறுநாள் காலையில் கருவாட்டு வாடை அடிக்கும், அதைக் குடித்தால் வயிற்றைப் புரட்டும். அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்குக் குடிக்க வேண்டும். ஆகவே அந்தப் பாத்தி தினமும் கொடுக்க வேண்டும்.

எப்போது கொடுக்கும், எப்போது குறைக்கும் என்பதும் ஊருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ரேஷன் அரிசி வந்த நாளுக்கு மறுநாள் எண்ணெய் கரண்டி முங்காத அளவுக்கு இறங்கியது. அரிசி தீர்ந்து நாலு நாள் போனதும் விரல் முங்க ஏறியது. ஊர் எந்த அளவுக்குப் பட்டினி கிடந்ததோ அந்த அளவுக்குப் பாத்தி எண்ணெய் விட்டது. காலேஜிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து ஒரு புட்டியில் மொண்டு போய், மறுபடி வந்து, அது கண்ணுக்குத் தெரியாத பாசி என்றும், மீனைத் தின்றால் கண்ணுக்கும் மூளைக்கும் இருதயத்துக்கும் நல்லது என்கிறோமே, அந்த நல்ல கொழுப்பை மீன் இந்த மாதிரிப் பாசியிடமிருந்துதான் வாங்கிவைத்துக்கொள்கிறது என்றும், தீனி நிறையக் கிடைத்தால் பாசி சும்மா பச்சையாகப் பெருகும், பட்டினி போட்டால்தான் நாளைக்கு வேண்டுமே என்று பயந்து உடம்புக்குள் எண்ணெயைச் சேர்க்கும் என்றும் விளக்கினாள். ஆனால் ஊர் பட்டினி கிடந்தால் பாசி ஏன் பட்டினியை உணர வேண்டும் என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. "பக்கத்து வீட்ல அடுப்பு எரியலன்னா எங்களுக்குத் தெரியும்லா, அது மாதிரி அதுக்கும் தெரியுது" என்றார்கள் பெண்கள். டீச்சரம்மா அதை எழுதிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

பிறகு லாரிக்காரர் வந்தார். ஐஸ் பெட்டியும் கறுப்பு டின்னும் கொண்டுவந்து எண்ணெயை வாங்கிப் போனார், அது எங்கேயோ சுத்தமாகி, சின்னச் சின்ன மாத்திரையாகி, நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் மேற்கொண்டு நன்றாக இருப்பதற்காக விற்றது என்று கேள்வி. சிப்பிக்கரைக்கு அரிசி வந்தது, பருப்பு வந்தது, ஞாயிற்றுக்கிழமை கறி வந்தது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். ஊர் சாப்பிடச் சாப்பிட எண்ணெய் இறங்கிக்கொண்டே போனது. இறங்காதா பின்னே. லாரிக்காரர் முகம் சுளித்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தண்ணீருக்கு முறை வைப்பதுபோலப் பட்டினிக்கும் முறை வைப்போம், இன்றைக்கு மேலத் தெரு, நாளைக்குக் கீழத் தெரு என்று முடிவு பண்ணினார்கள். மேலத் தெருக்காரர்கள் பாத்தி ஓரம் வரிசையாக உட்கார்ந்து, வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு, மறுநாள் தங்களுக்கு வரப்போகிற குழம்பு மீன் குழம்பா கருவாட்டுக் குழம்பா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாத்தி ஏமாறவில்லை. விரதக்காரர் பசியையும் அது ஏற்கவில்லை, ரோஷத்துக்குச் சாப்பிடாமல் கிடந்த புருஷன்மார் பசியையும் ஏற்கவில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே என்று தெரியாத பசி மட்டுமே அதற்குப் பசி. அந்தப் பசி ஊரில் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். லாரி வருவது நின்றது. அதற்குள் சேறு காய்ந்து வேலையும் தொடங்கிவிட்டதால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஆனாலும் பாத்தியின் தென்மூலையில் மட்டும் தினமும் காலையில் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு படலம் மிதந்தது. வழித்தெடுத்தால் ஒரு கரண்டி தேறும். அது அபிநயாவுக்கு என்று ஊர் விட்டுக்கொடுத்தது. "பழைய மிச்சம் போல, பிள்ளைக்காவது ஆவட்டும்" என்றார்கள். தங்கபுஷ்பமும் அப்படித்தான் நினைத்தாள். தினம் அந்தியில் சீனித்தாய் வீட்டுக் கூரையிலிருந்து புகை எழும்பும், தங்கபுஷ்பம் தன் வீட்டு வாசலில் நின்று பார்ப்பாள், சீனி உலை வைத்துவிட்டாள் என்று நிம்மதியாக உள்ளே போவாள். சீனித்தாய் மெலிந்துகொண்டு வந்தாள்தான். உப்புச் சுமக்கிறவள் மெலியாமல் என்ன செய்வாள் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டதை நினைத்து அவள் பின்னால் தலையில் அடித்துக்கொண்டது வேறு.

பங்குனியில் முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழா வந்தது. கொடை நாளில் சிப்பிக்கரையில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. கோயில் முன்னால் ஒரே பானையில் பொங்கி ஊர் முழுக்கச் சாப்பிட வேண்டும், அதன் பிறகு ஒரு பெண் சோற்றுச் சட்டியோடு தெருத் தெருவாகப் போய், "பசிச்ச வயிறு உண்டா" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்க வேண்டும், உண்டு என்று ஒரு குரல் வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஊட்ட வேண்டும், ஊரில் ஒரு வயிறு காய்ந்திருந்தாலும் அம்மன் நடையைச் சாத்த மாட்டார்கள். அந்த ஆண்டு சட்டி தங்கபுஷ்பத்தின் கைக்கு வந்தது. கடைசி வாசல் சீனித்தாயின் வாசல். கேட்டாள், பதில் இல்லை. கதவைத் தள்ளினாள். அபி கோயிலில் சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பானை இருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே வெறும் தண்ணீர், பானையின் அடியில் சோற்றுப் பசையே ஏறியதில்லை, கழுவிய பானைபோலப் பளபளவென்று இருந்தது. சீனித்தாய் மூலையில் உமரிக்கீரையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை மாதமும் அவள் பிள்ளைக்கு மட்டும் வேறு சட்டியில் பொங்கிப்போட்டுவிட்டு, தன் பங்குக்கு வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் புகை காட்டியிருக்கிறாள்.

"ஏட்டி சீனி, என்னட்டி இது."

"பசிக்கல மைனி. நீங்க போங்க."

"பசிக்கலையா. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கிடக்கு."

"அம்மன் பேரச் சொல்லிக் கேக்கேன், போயிருங்க. நான் உண்டுன்னு சொல்லலியே."

தங்கபுஷ்பம் கேட்பாளா. ஒரு காலத்தில் ஒரே பாயில் படுத்துக் கதை பேசியவர்கள், இவளுடைய கல்யாணத்துக்கு அவள் பூக் கட்டினாள், அவளுடைய பிரசவத்துக்கு இவள் தொப்புள்கொடி பிடித்தாள். தங்கபுஷ்பத்தின் ரெண்டு வயசுப் பையன் காய்ச்சலில் போனபோது, தான் ஊட்டிய கஞ்சிதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதோ என்று மனசை அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்தைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் சீனித்தாய் ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவள் தன் கண்ணுக்கு முன்னால் பட்டினி கிடந்திருக்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஒட்டி உட்கார்ந்து, சீனித்தாயின் பிடரியைப் பிடித்துக்கொண்டு, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை உருட்டி வாயில் திணித்தாள். சீனித்தாய் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள், பல்லைக் கடித்தாள், வேண்டாம் மைனி வேண்டாம் மைனி என்று மூக்கால் முனகினாள். முதல் உருண்டை உள்ளே போனது. அதன் பிறகு அவள் தலையைத் திருப்பவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். சட்டி காலியானதும் சட்டியை வாங்கி ஓரத்தை வழித்து நக்கினாள். தங்கபுஷ்பம் அழுதுகொண்டே சிரித்தாள், போய், ஊரில் பசித்த வயிறு இல்லை என்று சொன்னாள், நடை சாத்தினார்கள்.

விடிந்து பார்த்தால் மூலைப் பாத்தி பச்சையாகக் கிடந்தது. சிவப்பு ஒரு பொட்டு இல்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, குளத்துப் பாசிபோல ஊர்ப்பட்ட பச்சை. தங்கபுஷ்பம் வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தாள், கரண்டியோடு உட்கார்ந்திருந்த சீனித்தாயைப் பார்த்தாள். அத்தனை நாளும் மிதந்த படலம் சீனித்தாயின் பசி, யாருக்கும் தெரியாததால் எந்தக் கையும் நீளாத பசி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சீனித்தாய் நிமிர்ந்து, சண்டை போடாமல், கோபம் இல்லாமல், "நேத்துச் சோறு நல்லாருந்துச்சு மைனி" என்றாள்.

அபி மறுபடி இளைக்கத் தொடங்கினாள். லாரிக்காரரைத் தேடிப் போய், புட்டியில் அடைத்த எண்ணெயை வாங்கி வந்து சேர்மக்கனி கொடுத்துப் பார்த்தான், பிள்ளை வாந்தியெடுத்தது. சீனித்தாய் மறுபடி பட்டினி கிடந்தாள். ஆனால் இனிமேல் ஒளித்துவைக்கப் பானை இல்லை, ஊருக்குத் தெரிந்துவிட்டது, உப்புச் சுமக்கிற இடத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கை சோற்றை நீட்டினார்கள், அவள் வாங்காவிட்டாலும் நீட்டினார்கள். பாத்தி விவரம் தெரிந்த பிறகாவது விட்டார்களா என்றால், விட முடியவில்லை; ஒருத்தி பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வாயில் சோற்றை வைக்க அந்த ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லை, கை தானாக நீளும். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பசியைப் பாத்தி பசியாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பச்சையாகவே கிடந்தது. அந்தியில் அபி வாசல் நிலையில் முட்டி நெற்றியைப் புடைத்துக்கொண்டாள்.

அந்தக் கிழமையிலிருந்து சீனித்தாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊர் பேச ஆரம்பித்தது. உப்பள மேஸ்திரியை, கூலியில் கை வைக்கிறவன் என்று நாலு பேர் முன்னால் சொன்னாள், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பக்கத்து வீட்டு உலகம்மாளின் மகள் ஓடிப்போன கதையை அவள் சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரத்தில் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள். கோயில் பூசாரியைத் திருநீற்றில் அடுப்புச் சாம்பல் கலக்கிறவன் என்றாள். நீட்டிய சோற்றைத் தட்டிவிட்டு, "உங்க எச்சிச் சோறு எனக்கு எதுக்கு" என்றாள். ஊர் பொறுத்துப் பார்த்தது, பிள்ளைக் கவலையில் பேசுகிறாள் என்றது, அப்புறம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு கதவு சாத்தும்போதும் பாத்தியில் பச்சை கொஞ்சம் கறுத்தது, கறுப்பு கொஞ்சம் பழுத்தது, யாரும் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது தங்கபுஷ்பத்தின் கதவு. அவள் தினமும் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய் சீனித்தாயின் வாசலில் வைத்துவிட்டு வருவாள், எறிந்தாலும் மறுநாள் வைப்பாள். உடம்பு போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பது அவள் நியாயம்.

ஒரு நாள் காலை, குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்ற நேரத்தில், சீனித்தாய் வந்து அவள் எதிரே நின்றாள். எலும்பு துருத்திய தோள், கண் மட்டும் காய்ச்சல்காரி கண்ணாக மின்னியது. இதுவரை மைனியை நீங்க என்றுதான் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

"எம் வாசல்ல இனி சோறு கொண்டு வச்சேன்னா கைய ஒடிப்பேன். உன் கை என்ன கைன்னு எனக்குத் தெரியும். உம்பிள்ள காய்ச்சல்ல போவல. உன் கஞ்சியிலதான் போச்சு. நீயே என்கிட்டச் சொல்லிருக்க. பெத்த பிள்ளயவே ஊட்டிக் கொன்ன கை, ஊருக்கெல்லாம் ஊட்ட வந்துட்டு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது, குடம் வழிந்தது, யாரும் மூடவில்லை. தங்கபுஷ்பம் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள், உள்தாழ்ப்பாளைப் போட்டாள், தரையில் படுத்துக்கொண்டாள். சேர்மக்கனி தன் தங்கச்சியை வெட்டிப் போடுவேன் என்று அரிவாளைத் தேடியபோது, "வேண்டாம், அவ பேர இந்த வீட்ல சொல்லாதீரு" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு நிஜமாகவே வெறுப்பு வந்திருந்தது. ஈரக்குலையைப் பிய்த்துத் தெருவில் போட்டவளை எப்படி மன்னிப்பது. செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவள் இறந்த பையன் மேல் ஆணை வைத்தாள்.

அபி மட்டும் பின்பக்க வழியாக வருவாள். பிள்ளையை என்ன சொல்வது, தட்டில் போட்டுக் கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்படிப் பார்க்காமல் இருந்ததால், பிள்ளையின் கன்னம் உப்பியதும், வெளிச்சம் மங்கிய பிறகும் அது தட்டுத் தடுமாறாமல் படி ஏறியதும் அவளுக்குச் சில நாள் கழித்துத்தான் பட்டது. ஒரு நாள் அபி தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அத்தை, வெளக்கு வைக்காமலே உங்க நெத்தியில பொட்டு தெரியுது" என்றாள்.

தங்கபுஷ்பம் எழுந்தாள். மூலைப் பாத்திக்குப் போனாள். வரப்பில் ஏறும்போதே புல் வாடை அடித்தது. பாத்தி செங்கல் நிறத்தில் கிடந்தது, தென்மூலையில் மட்டுமில்லை, கரையிலிருந்து கரைக்கு எண்ணெய், காற்றடித்தால் மெதுவாகச் சுருங்கி விரிகிற கனத்த எண்ணெய். அந்தக் கரையில், கொஞ்சம் தள்ளி, சீனித்தாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஊரில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை, உலகத்தில் ஒரு கையும் அவள் பக்கம் நீளப் போவதில்லை, அவளுக்கு அடுத்த வேளை என்று ஒன்று கிடையாது. அப்படி ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் விளங்கியது. மேஸ்திரி விளங்கினார், உலகம்மாள் விளங்கினாள், குழாயடி விளங்கியது. விளங்கியதால் வலி குறைந்ததா என்றால் இல்லை, அந்தச் சொல் சொல்லாக நெஞ்சில் அப்படியே குத்தி நின்றது; அதற்குப் பக்கத்திலேயே, ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஏட்டி பாவி என்று நாலு அறை அறைந்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பும் எழும்பியது. ஓர் எட்டு முன்னால் வைத்தாள். காலடிச் சத்தம் கேட்டுச் சீனித்தாய் திரும்பினாள், மைனியின் முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தில் என்ன இருந்ததோ, சீனித்தாயின் கண்ணில் ஒரு நொடி சோறு பார்த்த பிள்ளையின் ஆசை வந்து போனது. அந்த நொடியில் பாத்தி ஓரத்தில் எண்ணெய் சுருண்டு உள்வாங்கியது. செருப்புக் கால் அகலத்துக்கு வெறும் தண்ணீர் தெரிந்தது, அந்தத் தண்ணீரில் பச்சை.

இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். சீனித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எதுக்கு வந்த. போ" என்றாள். குரல் கெஞ்சியது. தங்கபுஷ்பம் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள். வீடு வந்து சேரும்வரை மூச்சு விட்டாளா என்பதே அவளுக்கு நினைவில்லை.

அன்று அந்தியில் அபி சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் எழுந்தாள். ஒரு கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து, வாசலைத் தாண்டிவிட்டாள். தங்கபுஷ்பம் பின்னாலேயே போய்ப் பிடித்தாள். "கையில என்ன." "ஒண்ணுமில்ல அத்தை." விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, எண்ணெய் குடித்துத் தேறிய விரல்கள், நல்ல பலம் இருந்தது. உள்ளே ஒரு உருண்டை சோறு, குழம்பு ஊற்றிப் பிசைந்தது. "அம்மைக்கு" என்றாள் அபி. "அம்ம சாப்பிடவே மாட்டேங்கா அத்தை. ஒரு வா மட்டும்."

தெருமுனையில் சீனித்தாய் பிள்ளையைக் கூட்டிப் போக வந்து நின்றிருந்தாள், அந்த உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தொண்டை ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. ஆளாளுக்கு வாசலுக்கு வந்தார்கள். தங்கபுஷ்பம் பிள்ளையின் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கினாள். தெருவில் படுத்திருந்த நாயைச் சூ சூ என்று கூப்பிட்டாள், அதன் முன்னால் சோற்றைப் போட்டாள், அது தின்று முடிக்கும்வரை நின்றாள், பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் வாயில் வைத்திராத வார்த்தைகளையெல்லாம் எடுத்து, புருஷன் ஓடிப்போனவளே என்பதில் தொடங்கி, உன் பிணத்துக்கு வாய்க்கரிசி போடக்கூட இந்தத் தெருவில் ஆள் வரமாட்டான் என்பது வரைக்கும், தெருவே காதைப் பொத்துகிற மாதிரி திட்டினாள். இறந்துபோன பையனை நினைத்துக்கொண்டு திட்டினாள், அப்போதுதான் குரலில் பொய் தட்டவில்லை. அபி வீறிட்டு அழுதாள். சீனித்தாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போனாள்.

"அவளே சாகக் கிடக்கா, இப்படியா பேசுவ" என்றான் சேர்மக்கனி. தங்கபுஷ்பம் அபி சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவினாள்.

விடியற்காலையில் அவள் போய் எட்டிப் பார்த்தாள். எண்ணெய் கரை தொட்டு நின்றது, முந்தின நாளைக்கு ஒரு விரற்கடை கூடுதல். யார் கண்ணிலும் படாமல் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்து, இன்றைக்கு அந்தியில் என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள்.